வெளிநாட்டு உதவி நிதிக் குறைப்பு: நம் பக்கத்தில் நாம் நேரில் கண்டவை

கோடிக்கரை எழுதியது:

2025 ஜனவரியின் கடைசி வாரத்தில், அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை முடக்கியதால், அந்த நிதியில் நடந்த திட்டங்கள் பல ஒரே நாளில் நிறுத்தப்பட்ட செய்தி இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விளக்கப்போவதில்லை. வேதாரண்யம் வட்டாரத்தில் காசநோய்க் களப்பணியாளராக ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். நிறுவனத்தின் பெயரையும் நிதி கொடுத்தவர்களின் பெயரையும் எழுத விரும்பவில்லை. மாத்திரை நம் அரசு கொடுப்பது. சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுவதும் அரசுதான். வெளிநாட்டுப் பணத்தில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: வாரம் ஒருமுறை ஒருவர் நேரில் போய், மாத்திரை போட்டீர்களா, வயிறு எரிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்பது. அந்த ஒருவர் நான்.

அகஸ்தியன்பள்ளியில் உப்பளத் தொழிலாளியான பெரியவர் ஒருவர் செவ்வாய்க்கிழமைதோறும் தேநீர்க் கடையில் எனக்காகக் காத்திருப்பார். ஆறு மாதச் சிகிச்சையில் அவருக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. இருமல் அடங்கி உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அந்தச் செவ்வாய் காலை நான் பேருந்தில் இருக்கும்போதே அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பதிவேட்டையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட வேண்டும், மறு அறிவிப்பு வரும்வரை நோயாளிகள் யாரையும் சந்திக்கக் கூடாது என்றார்கள். பேருந்து தேநீர்க் கடை முன்னால் நின்றது. சன்னல் வழியாக என்னைப் பார்த்த பெரியவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். நான் இறங்கவில்லை. அவர் எழுந்து நின்றது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பாமணியாறு எழுதியது:

மருந்துத் திட்டங்களைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், வயலைப் பற்றி நானாவது எழுத வேண்டும். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்பது மா நிலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பத்து நாளுக்கு மேல் முழுதாக மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த காலையில் வரப்பில் நின்று பார்த்தபோது வயல் முழுவதும் சேறு பூசிய பழுப்பு நிறமாகத்தான் இருந்தது. அழுகிய நாற்றம் வேறு. பக்கத்து வயல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி ஒரு குத்தின் அடித்தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. எட்டாம் நாள் புதுக் குருத்து வந்தது. நான் நட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் வகை.

அந்தச் சப்-1 என்ற குணம் ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. மூழ்கிய பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்ட முயன்று தன் சத்தையெல்லாம் செலவழித்துச் சாகாமல், அடங்கிக் கிடந்து இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்க அது உதவுகிறது. பிலிப்பைன்சில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குணத்தைப் பல நாடுகளில் விளையும் நெல் வகைகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1966இல் ஐ.ஆர். 8 என்ற அதிக விளைச்சல் நெல் வெளியானதும் அங்கிருந்துதான். அதற்கு நிதி கொடுத்து வந்த அரசுகளில் அமெரிக்காவும் ஒன்று. விதை, உரம், கடன் எல்லாவற்றையும் உழவருக்கு ஒருசேரக் கொடுத்த தஞ்சை மாவட்டத்துப் 'பேக்கேஜ் திட்டம்' பற்றி என் தந்தையார் ஓயாமல் பேசுவார். 1960-61இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. அதற்கு ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி இருந்தது. ஒரு விதையை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்போது, நடுவில் ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியை வெட்டினால் எந்தக் கார்த்திகையில் யார் வயல் அழுகும் என்று யாரும் கணக்குப் போடப்போவதில்லை.

அரசலாறு எழுதியது:

இருவர் எழுதியதையும் படித்தேன். வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வருவாய்த் துறையில் இருந்தவன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிவாரணப் பணிக்கு அனுப்பப்பட்டேன். உதவியாக வந்த பழைய துணி சாலையோரமெங்கும் குவியலாகக் கிடந்தது. வலையையும் அடுப்பையும் இழந்து நின்ற ஒரு மீனவப் பெண்மணி, அந்தக் குவியலிலிருந்து கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, மடித்து அதே இடத்தில் வைத்தார். கொடுப்பவர் தமக்குத் தோன்றியதைக் கொடுக்கிறார், தமக்குத் தோன்றும்போது நிறுத்துகிறார். அன்று வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை இந்தியா வேண்டாமென்றதும், மறுசீரமைப்புக்கு உலக வங்கியையும் ஆசிய வளர்ச்சி வங்கியையும் நாடியதும் சரியே என்பது என் கருத்து.

முன்மொழிவு வேறு, ஒப்புதல் வேறு என்பதையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அதிபர் வரவுசெலவுத் திட்டத்தில் கேட்பதெல்லாம் அப்படியே நடப்பதில்லை. 2025 ஜூலையில், முன்பே ஒதுக்கிய நிதியில் ஏறக்குறைய 900 கோடி டாலரைத் திரும்ப எடுக்க அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அதில் ஏறத்தாழ 800 கோடி வெளிநாட்டு உதவி. ஆனால் எச்.ஐ.வி. திட்டத்திலிருந்து 40 கோடி டாலரை எடுக்கும் முன்மொழிவை மேலவை நீக்கிவிட்டது. பிரிட்டனோ தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்து, அந்தப் பணத்தைப் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்பியிருக்கிறது. ஆகவே தொண்டு நிறுவனம் நடத்துவோருக்குச் சொல்கிறேன்: ஒப்பந்தம் போடும் நாளிலேயே, நிதி நின்றால் இந்த வேலையை எந்த அரசுப் பணியிடம் ஏற்கும் என்று எழுதி வாங்குங்கள். நோயாளிகளின் பதிவேட்டுக்கு ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் கொடுத்து வையுங்கள். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பின் சேமிப்பு வைப்பது கடினம் என்பதை அறிவேன். அதனால்தான் உள்ளூர்க் கொடையாளர்களைத் தேடச் சொல்கிறேன். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் கோயிலுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கும் கொடுப்பார்கள், நாம் போய்க் கேட்க வேண்டும்.

மணிக்கூண்டு எழுதியது:

அரசலாறு ஐயாவுக்கு ஒரு மறுப்பு. கொடுப்பவர் எல்லோரும் கேளாமல் கொடுப்பவர் அல்லர். 2022இல் இலங்கை அரிசிக்கும் பால்மாவுக்கும் தவித்தபோது தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் கொடுக்க முன்வந்தது. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பியது. இலங்கையில் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் என் அத்தை தொலைபேசியில் அழைத்து, அரிசி வந்ததைச் சொல்லிவிட்டு, "இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அளந்து போடவில்லையடா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் இருவராலும் பேச முடியவில்லை.

நாமும் கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். 2025-26 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் பூட்டானுக்கு 2,150 கோடி, மாலத்தீவுக்கு 600 கோடி, இலங்கைக்கு 300 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பிப்ரவரியில் அந்த எண்கள் கூடும்போதும் குறையும்போதும், அங்கே யார் வீட்டில் அளந்து போடுகிறார்கள் என்று இங்கே ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வருமான வரிப் பக்கத்தைத்தான் நாமெல்லோரும் படிக்கிறோம்.

கோடிக்கரை மீண்டும் எழுதியது:

ஐயா, பதிவேட்டின் நகல் சுகாதார நிலையத்தில் இருக்கத்தான் செய்தது. அதை எடுத்துக்கொண்டு அகஸ்தியன்பள்ளிக்குப் போகத்தான் ஆள் இல்லை.

முதலில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஒன்பது நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் என் சொந்தச் செலவில் அங்கே போனேன். பெரியவர் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நான்கு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. "வயிறு எரிந்தது அம்மா. செவ்வாய்க்கிழமை நீ வந்ததும் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்" என்றார். சுகாதார நிலையத்து மேற்பார்வையாளருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே வந்து பார்த்தார், நல்ல மனிதர். அவர் ஒருவர் பொறுப்பில் இரண்டு ஒன்றியங்களின் நோயாளிகள் இருக்கிறார்கள்.