படிவம் 16-இல் வராத கழிவுகளை ரிட்டர்னில் கேட்க முடியுமா?

மாதச்சம்பளம்:
2025-26 நிதியாண்டுக்கு ரிட்டர்ன் போட வேண்டும். ஆண்டுச் சம்பளம் 17 லட்சம், ஆபீசில் பழைய வரி முறையைத்தான் (80சி, 80டி போன்ற கழிவுகள் இதில்தான் உண்டு) தேர்வு செய்திருக்கிறேன். படிவம் 16-இல் (நிறுவனம் தரும் சம்பளம், பிடித்த வரிச் சான்றிதழ்) நிலையான கழிவு 50,000, 80சி (சேமிப்பு, முதலீட்டுக் கழிவு), குரூப் இன்சூரன்ஸ் பிரீமியம் தவிர வேறு எதுவும் இல்லை. சம்பளக்காரர்கள் பொதுவாகத் தவறவிடும் கழிவுகள் எவை? வேலைக்காக வாங்கிய லேப்டாப், புத்தகம், வீட்டு இன்டர்நெட் செலவைக் கழிக்கலாமா? எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) கிடையாது, வாடகை மாதம் 15,000. 2023-24க்கான அரியர்ஸ் (நிலுவைச் சம்பளம்) 1,20,000 இந்த வருடம்தான் வந்தது. அது 17 லட்சத்துக்குள் அடக்கம்.

கணக்குப்பிள்ளை:
கழிவுகளைத் தேடும் முன் ஒரு கூட்டல் போடுங்கள். புதிய முறையில் 17 லட்சத்தில் 75,000 போக 16,25,000. அதற்கு வரி 1,25,000, செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி) தனி. பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால் வரிக்குரிய வருமானம் சுமார் 10,41,700-க்கு இறங்க வேண்டும். அதாவது நிலையான கழிவையும் சேர்த்து மொத்தம் 6.58 லட்சம் கழிவு வேண்டும். 80சி-யின் 1.5 லட்சத்தை மட்டும் நம்பிப் பழைய முறையில் இருந்தால் கைநஷ்டம்தான்.

ஆபீசில் எதைச் சொல்லியிருந்தாலும் பிசினஸ் வருமானம் இல்லாதவர் ரிட்டர்னிலேயே முறையை மாற்றிக்கொள்ளலாம், சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி (டி.டி.எஸ்.) ரீஃபண்டாக வரும். பழைய முறை வேண்டுமென்றால் மட்டும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும், தாமதமானால் புதிய முறைதான்.

லேப்டாப், புத்தகம் எல்லாம் கிடையாது. சம்பளக்காரருக்கு வேலைச் செலவுக்கான ஈடுதான் அந்த நிலையான கழிவு, பில் காட்டி மேலே கேட்க முடியாது. போன் பில்லை நிறுவனமே கட்டினால் அது உங்கள் சம்பளத்தில் சேராது, அலுவல் பயணப்படியில் செலவான தொகைக்கும் வரி இல்லை. இந்த இரண்டும் புதிய முறையிலும் உண்டு. ஆனால் இதையெல்லாம் சம்பளத்தைப் பிரிக்கும்போதே பேசி வாங்க வேண்டும், மார்ச் முடிந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனம் உங்கள் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போடும் தொகையும் (80சிசிடி(2)) அப்படித்தான். புதிய முறையில் அடிப்படைச் சம்பளம், டி.ஏ. (அகவிலைப்படி) இரண்டும் சேர்ந்ததில் 14% வரை கழியும். என் கணக்கில் சம்பளக்காரர் அதிகம் கோட்டைவிடுவது இதைத்தான்.

வரிப்புலி:
பழைய முறையில் 6.58 லட்சத்தை எட்ட முடியுமா என்று பார்ப்பவர்களுக்கு, படிவம் 16-இல் வழக்கமாக விடுபடுபவை:

80டி: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், மருத்துவச் செலவு. பெற்றோர் 60 வயதைத் தாண்டி, மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருந்தால் அவர்களுடைய டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட் செலவே 50,000 வரை கழியும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் செல்லாது. உடல் பரிசோதனைக்கு 5,000 வரை ரொக்கம் பரவாயில்லை, ஆனால் அது உச்சவரம்புக்குள்தான் அடங்கும். மாமனார், மாமியாருக்குச் செய்த செலவு வராது. இரண்டு, மூன்று வருட பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியிருந்தால் வருடவாரியாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

80இ: கல்விக் கடன் வட்டி. உச்சவரம்பே இல்லை, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து 8 ஆண்டுகள். அசல் சேராது. வங்கி, அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனம் அல்லது அறக்கட்டளை கொடுத்த கடனாக இருக்க வேண்டும், சொந்தக்காரரிடம் வாங்கியது ஆகாது.

80சிசிடி(1பி): சொந்தமாக என்.பி.எஸ்.-இல் போட்டதற்கு 80சி-க்கு மேல் 50,000.

80டிடிஏ: சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000. முதலில் வட்டியை வருமானமாகக் காட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். எஃப்.டி. வட்டிக்குப் பொருந்தாது.

80ஜிஜி: எச்.ஆர்.ஏ. இல்லாத வாடகைக்காரருக்கு. மூன்றில் எது குறைவோ அது: ஆண்டுக்கு 60,000, மொத்த வருமானத்தில் 25%, வாடகையிலிருந்து வருமானத்தின் 10% போக மீதி. மற்ற கழிவுகளுக்குப் பின் வருமானம் 11 லட்சம் என்றால் 1,80,000 − 1,10,000 = 70,000, ஆகவே முழு 60,000 கிடைக்கும். 14 லட்சம் என்றால் 40,000-தான். ரிட்டர்னுக்கு முன் படிவம் 10பிஏ போட வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

தாள்கட்டு:
அரியர்ஸ் விஷயத்தை யாரும் தொடவில்லை. பிரிவு 89 நிவாரணம் (பழைய ஆண்டின் சம்பளம் இப்போது வந்ததால் கூடும் வரிக்கு ஈடு) இரண்டு முறைகளிலும் உண்டு. போர்ட்டலில் இ-ஃபைல், வருமானவரிப் படிவங்கள் என்று போய் 10இ-யை எடுத்து, அரியர்ஸுக்கான முதல் இணைப்பை நிரப்புங்கள். மதிப்பீட்டு ஆண்டாக அரியர்ஸ் கைக்கு வந்த நிதியாண்டுக்கு அடுத்ததை, அதாவது 2026-27ஐக் கொடுங்கள். பழைய ஆண்டைக் கொடுப்பது சகஜமான தவறு. 10இ போடாமல் ரிட்டர்னில் மட்டும் தொகையை எழுதினால் நிவாரணத்தை வெட்டிவிட்டு டிமாண்ட் அனுப்பிவிடுவார்கள்.

கணக்கு எளிது: அந்த 1,20,000-க்கு இந்த வருடம் 30%, 2023-24இல் சேர்த்திருந்தால் 20% என்றால் வித்தியாசம் 12,000, செஸ்ஸோடு 12,480. புதிய முறைக்கு மாறினால் இந்த வருட விகிதம் இறங்கும், நிவாரணமும் சுருங்கும், பூஜ்யமாகவும் ஆகலாம். அதனால் இரண்டு முறையிலும் இதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

மாதச்சம்பளம்:
நன்றி. ஊரில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. 80ஜிஜி அப்போதும் வருமா?

வரிப்புலி:
வேலை பார்க்கும் ஊரிலேயே என்றால் வராது, மனைவி பெயரில் இருந்தாலும் வராது. வேறு ஊரில் என்றால், அதைச் சொந்தக் குடியிருப்பு என்று காட்டி ஆண்டு மதிப்பைப் பூஜ்யமாக வைத்தாலும் வராது. வாடகைக்கு விட்டு வருமானத்தைக் காட்டினால் தடையில்லை.

இன்னொன்று: 80டி-க்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், 80இ-க்குக் கடன் கணக்கு எண் எல்லாம் ரிட்டர்ன் படிவமே கேட்கிறது. கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், பாதியில் செஷன் போய்விடும்.