குறைந்த செலவில் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகள்: ஒரே ஊரில் தங்குவதா, ஊர் ஊராகப் போவதா?

செங்கால்நாரை:
வெளிநாடு போவதே மிருகக்காட்சிசாலைகளைப் பார்க்கத்தான். வேறு எதுவும் பட்டியலில் இல்லை. விடுப்பு சில வாரங்கள், பணமும் அளவாகத்தான் இருக்கிறது. மனதில் இரண்டு திட்டம் ஓடுகிறது. ஒன்று, லண்டன், பெர்லின், பிராக், வியன்னா என்று பெயர்பெற்ற இடங்களில் முடிந்ததையெல்லாம் பார்த்துவிடுவது. இன்னொன்று, ஒரே ஊரில் அறை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் இருப்பவற்றை நிதானமாகப் பார்ப்பது. எது சரி என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

தண்டவாளம்:
இரண்டாவதுதான். இப்படிப்பட்ட பயணத்தில் பணத்தைக் கரைப்பது நுழைவுக் கட்டணம் இல்லை, இடம் மாறுவது. விமான டிக்கெட், விமான நிலையத்துக்குப் போக வர ஆகும் செலவு, பெட்டிக்குத் தனிக் காசு, புது ஊரில் ஒரு ராத்திரிக்கு மட்டும் எடுக்கும் அறை. அதோடு ஒரு முழுப் பகலும் போய்விடும்.

என் பரிந்துரை மேற்கு ஜெர்மனி. கொலோனில் தங்குங்கள். அங்கேயே ஒன்று. வுப்பர்டால், டுயிஸ்பர்க், கிரேஃபெல்ட், கெல்சன்கிர்ஷன், டார்ட்மண்ட், மியூன்ஸ்டர் எல்லாம் காலையில் ரயிலேறிப் போய் இரவுக்குள் அறைக்குத் திரும்பும் தூரம். நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் டிராம், பேருந்துகளிலும் செல்லும் மாத டிக்கெட் ஒன்று இருக்கிறது, பெயர் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 ஆனது, விலை ஏறிக்கொண்டுதான் போகிறது. ஆனாலும் அதைவிட மலிவாக இத்தனை ஊர் சுற்ற வழி இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அது காலண்டர் மாதக் கணக்கு. பயணம் இருபதாம் தேதி தொடங்கி அடுத்த மாதம் பத்தாம் தேதி முடிந்தால் இரண்டு மாதக் காசு போய்விடும். சந்தா முறை என்பதால் நீங்களாக ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுப்பார்கள். அதிவேக ரயில்களில் செல்லாது.

வுப்பர்டாலுக்குப் போவதே தனி அனுபவம். 1901 முதல் ஓடும் தொங்கு ரயில் அங்கே இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கீழே ஆறு, நடுவில் பெட்டி தொங்கிக்கொண்டு போகும். மிருகக்காட்சிசாலைக்கென்றே ஒரு நிறுத்தம் உண்டு. அதே மாத டிக்கெட்தான் அதற்கும்.

ஒகாபிப்பித்து:
தண்டவாளம் சொல்லும் கணக்கு சரி. ஆனால் அது ரயில் பயணத்துக்கான திட்டம், விலங்குகளுக்கான திட்டம் இல்லை. நடுத்தர அளவுப் பூங்காக்களை வரிசையாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலாவது இடத்தில் மறுபடியும் அதே மீர்கட், அதே ஃபிளமிங்கோ, அதே ஒட்டகச்சிவிங்கி. இவ்வளவு தூரம் போவது அதற்கா?

முதலில் எந்த விலங்கைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். இடம் தானாக வந்துவிடும். ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபியை எடுத்துக்கொள்ளுங்கள், உயிருள்ள ஒன்று முதன்முதலில் ஐரோப்பாவுக்கு வந்தது 1919இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கு. இன்றும் ஒகாபி என்றால் அந்த இடம்தான். 1843இல் தொடங்கிய பூங்கா அது, மத்திய ரயில் நிலையத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கினால் வாசல், உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவே கிடையாது. உடலெல்லாம் செதில் மூடிய அழுங்கு வேண்டும் என்றால் பிராக். தைபே மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்த ஜோடிக்கு 2023இல் அங்கே குட்டி பிறந்தது, ஐரோப்பாவில் மனிதப் பராமரிப்பில் பிறந்த முதல் அழுங்குக்குட்டி அதுதான். பாண்டா வேண்டும் என்றால் 2017 முதல் பெர்லினில் இருக்கிறது. வியன்னாவின் ஷோன்ப்ரூன் 1752இல் தொடங்கியது, இன்றும் இயங்கும் மிருகக்காட்சிசாலைகளில் அதுதான் மூத்தது. ஆன்ட்வெர்ப், பெர்லின், பிராக், வியன்னா. நான்கும் பொது விசா முறை கொண்ட ஷெங்கன் நாடுகளில் இருக்கின்றன, விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒரே விசா போதும். லண்டனைச் சேர்த்தால்தான் தனி விசா, தனிக் கட்டணம். மலிவு என்று பார்த்தால் லண்டனை எடுத்துவிடுங்கள்.

தண்டவாளம்:
நான்கு நகரம், நான்கு அறை, நடுவே நீண்ட தூரப் பயணங்கள். நகரத்துக்கு நகரம் ஒரு நாள் போவதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் என்ன பார்ப்பீர்கள்? பாண்டா தூங்குவதை.

விலங்கு ஒன்று செய்ய ஆரம்பிப்பதைப் பார்க்க நேரம் வேண்டும். கொலோன் மிருகக்காட்சிசாலைக்குள் 2004இல் திறந்த யானைப் பூங்கா சுமார் இருபதாயிரம் சதுர மீட்டர். கூட்டமாக வாழ விட்டிருக்கிறார்கள், குட்டிகளும் அங்கேயே பிறந்து வளர்கின்றன. காலையில் கதவு திறந்ததும் போய் நில்லுங்கள். பெரியவள் துதிக்கையால் மணலைச் சுருட்டி முதுகில் வீசுவாள். குட்டி அவள் முன்னங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு அதே மாதிரி வீசிப் பார்க்கும், மணல் தரையிலேயே கொட்டிவிடும். மறுபடி முயலும். பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்களுக்கு இது கிடைக்காது. பதினோரு மணிக்குக் கூட்டம் வந்த பிறகும் கிடைக்காது. அறை பக்கத்திலேயே இருந்தால் மறுநாளும் போகலாம்.

மழைக்குருவி:
இரண்டு பேரும் ஐரோப்பாவை விட்டு வெளியே வரவில்லை. நுழைவுக் கட்டணமே இல்லாத நல்ல மிருகக்காட்சிசாலைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. வாஷிங்டனின் தேசிய மிருகக்காட்சிசாலை, சிகாகோவின் லிங்கன் பார்க், செயின்ட் லூயிஸ். மூன்றும் இலவசம், மூன்றும் தரமானவை. வாஷிங்டனில் மட்டும் நுழைவு அனுமதிச் சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கும் காசு இல்லை. செயின்ட் லூயிஸில் 1904 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய பறவைக் கூண்டு இன்றும் இருக்கிறது. உள்ளேயே நடந்து போகலாம்.

இலவசத்தின் பெரிய லாபம் காசு மிச்சமாவது மட்டும் இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, வெயில் ஏறி எல்லாம் நிழலில் படுத்ததும் வெளியே வந்துவிடலாம். சாயங்காலம் மறுபடி போகலாம். கட்டணம் கொடுத்தவர்கள் கொடுத்த காசுக்காக உச்சி வெயிலிலும் கால் கடுக்கச் சுற்றுவார்கள். தண்டவாளம் கேட்கும் நிதானம் இங்கேதான் உண்மையில் கிடைக்கும்.

ஒகாபிப்பித்து:
மத்தியானம் வெளியே வரலாம் என்பது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாஷிங்டனிலிருந்து சிகாகோவுக்கு ரயிலில் ஒரு முழு இரவும் அதற்கு மேலும் ஆகும். விமானம் என்றால் அதற்கு ஒரு செலவு. அங்கே அறை வாடகையும் மலிவில்லை. வாசலில் மிச்சம் பிடித்ததை வழியில் கொடுத்துவிடுவீர்கள்.

மழைக்குருவி:
இரவு ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கினால் அன்றைய அறை வாடகை மிச்சம். சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் பகல் ரயிலில் ஐந்து மணி நேரம்தான். உங்கள் நான்கு நகரத் திட்டத்திலும் இதே தூரம்தானே வருகிறது?

அமெரிக்கா வேண்டாம் என்றால் டோக்கியோவைப் பாருங்கள், ஒரே ஊரில் தங்கும் திட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. உயெனோ, டாமா, இனோகாஷிரா என்று மூன்று மிருகக்காட்சிசாலைகள், கசாய் கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம். நான்கும் டோக்கியோ பெருநகர அரசுடையவை, கட்டணம் மிகக் குறைவு. உயெனோ 1882இல் தொடங்கியது, ஜப்பானில் அதுதான் முதல். திங்கள்கிழமை உயெனோ விடுமுறை, புதன்கிழமை டாமா விடுமுறை. திங்களன்று டாமா, புதனன்று உயெனோ என்று மாற்றிப் போட்டால் ஒரு நாளும் வீணாகாது. விடுமுறை நாளைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவு முன்னால் நிற்கிறவர்கள் நிறைய பேர்.

இரவாடி:
மலிவு, மலிவு என்றே பேச்சு போகிறது. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குறைந்த செலவில் விலங்கு பார்க்கும் ஆசையில்தான் பலர் தவறான இடங்களுக்குப் போகிறார்கள். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம், யானை மேல் ஏறலாம் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தாய்லாந்தின் புலிக் கோயிலில் 2016இல் அதிகாரிகள் 137 புலிகளை மீட்டார்கள். உறைபெட்டியில் நாற்பது குட்டிகளின் உடல்கள் கிடந்தன. படம் எடுக்கக் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் விலங்குகள் மேல் பிரியம் உள்ளவர்கள்தான்.

தண்டவாளத்துக்கும் ஒரு கேள்வி. டுயிஸ்பர்கைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் டால்ஃபின்களைத் தொட்டியில் வைத்திருக்கும் இரண்டே இடங்களில் அது ஒன்று, மற்றது நியூரம்பெர்க். என் காசு அங்கே போகாது.

தண்டவாளம்:
அங்கே கோவாலாக்கள் இருக்கின்றன, அதற்காகப் போட்டேன். டால்ஃபின் காட்சி எனக்கும் பிடிக்காது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு காட்சிக்காக முழுப் பூங்காவையும் ஒதுக்குவது சரியா என்று தெரியவில்லை.

இரவாடி:
நுழைவுச் சீட்டு ஒன்றுதான். நீங்கள் கோவாலாவை மட்டும் பார்த்தாலும் காசு பொதுவாகத்தான் போகிறது. எங்கே போனாலும் முதலில் அந்த இடம் ஐரோப்பாவின் ஈஏஇசட்ஏ, அமெரிக்காவின் ஏஇசட்ஏ போன்ற மிருகக்காட்சிசாலைச் சங்கங்களில் உறுப்பினரா என்று பாருங்கள். அது குறைந்தபட்சத் தகுதிதான், டுயிஸ்பர்குக்கும் அது உண்டு. அதற்கு மேல் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் காட்டில் அற்றுப்போயிருந்த பிரசெவால்ஸ்கி குதிரைகளின் சர்வதேச வம்சாவளிப் பதிவேட்டை பிராக் 1959 முதல் வைத்திருக்கிறது. 2011 முதல் 2019 வரை அந்தக் குதிரைகளை மங்கோலியாவுக்கு விமானத்தில் அனுப்பியது. என் டிக்கெட் காசு அப்படிப் போவதாக இருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டும் கொடுப்பேன்.

செங்கால்நாரை:
இவ்வளவு பேர் எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். குளிர்காலத்தில் விமானமும் அறையும் மலிவு. ஐரோப்பாவுக்கு ஜனவரியில் போனால் என்ன?

ஒகாபிப்பித்து:
வேண்டாம். பகல் குறைவு, பிராக் ஜனவரியில் மாலை 4 மணிக்கே மூடிவிடும். வெப்பநாட்டு விலங்குகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும். முழுக் காசு கொடுத்து அரை நாள் பார்ப்பீர்கள்.

தண்டவாளம்:
முழுக் காசு இல்லை. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் மாதிரிப் பல இடங்களில் குளிர்காலக் கட்டணம் குறைவு. கூட்டமும் இருக்காது. பனிச்சிறுத்தையும் சைபீரியப் புலியும் குளிரில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். லைப்சிக்கில் 2011இல் திறந்த கோண்ட்வானாலாண்ட் 16,500 சதுர மீட்டர் கூரைக்கு உள்ளே ஒரு மழைக்காடு, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வியர்க்கும். அங்கேயே மனிதக் குரங்குகளுக்கான பொங்கோலாண்டும் இருக்கிறது. மாக்ஸ் பிளாங்க் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிம்பன்சிகளோடு செய்யும் ஆய்வுகளைப் பார்வையாளர்களும் நின்று பார்க்கலாம். அதற்கு எந்தப் பருவமும் சரிதான். ஆனால் முதல் முறை போகிறவர் என்றால் நானும் மே அல்லது செப்டம்பரைத்தான் சொல்வேன்.

செங்கால்நாரை:
சரி, செப்டம்பர். ஒன்றாம் தேதி இறங்குகிற மாதிரி விமானம் பார்க்கிறேன், ஒரு மாத டிக்கெட்டில் முடிந்துவிடும். கொலோனில் தங்குகிறேன். டுயிஸ்பர்கை எடுத்துவிட்டேன், இரவாடி சொன்னது மனதை உறுத்துகிறது. ஒகாபிக்காக ஆன்ட்வெர்ப்புக்கு மட்டும் ஒரு நாள் போய் வருகிறேன். பிராக் இந்த முறை இல்லை.

ஒகாபிப்பித்து:
பிராகை விட்டது எனக்கு ஒப்பவில்லை. டார்ட்மண்ட், கிரேஃபெல்ட் இரண்டையும் கொடுத்து பிராகை வாங்கியிருக்கலாம். சரி, உங்கள் பயணம். ஆன்ட்வெர்ப்புக்கு அதிவேக ரயில் எடுக்காதீர்கள். எல்லையில் இருக்கும் ஆகன் வரை அந்த மாத டிக்கெட்டிலேயே போகலாம், அங்கிருந்து லியேஜ் வழியாகப் பெல்ஜிய ரயிலுக்கு மட்டும் தனிச் சீட்டு. நேரம் அதிகம் ஆகும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். உள்ளே போனதும் நேராக ஒகாபியிடம் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.