எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) பிரித்த பிறகு வாரிசு வரிக் கணக்கில் பிழை: சி4 திருத்தப் படிவத்தில் எதையெல்லாம் திருத்தலாம்?

வடலி:
வணக்கம். அம்மா 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமானார். அண்ணாவும் நானும் உயில் நிறைவேற்றுநர்கள். ஐஎச்டி400 (வாரிசு வரிக் கணக்குப் படிவம்) கொடுத்து, வரி கட்டி, புரோபேட் (உயிலை நிறைவேற்ற அனுமதி) எடுத்து, பிள்ளைகள் மூவருக்கும் பிரித்தும் கொடுத்தாயிற்று.

கொடுத்த கணக்கு: வீடு 710,000 பவுண்ட், வங்கிப் பணமும் பங்குகளும் 230,000, ஆக 940,000. கழித்தது: அம்மாவின் வரியில்லா வரம்பு 325,000, 2009-இல் இறந்த அப்பாவுடையது 325,000, வீட்டு வரம்பு (பிள்ளைகளுக்குப் போகும் வீட்டுக்கான கூடுதல் வரியில்லா வரம்பு) 175,000. மிச்சம் 115,000-க்கு 40%, அதாவது 46,000 கட்டினோம்.

இப்போது 50,000 பவுண்ட் பிரீமியம் பாண்ட் (அரசு சேமிப்புப் பத்திரம்) அம்மாவின் பெயரில் இருப்பது தெரிகிறது. 2021 செப்டம்பரில் பேத்திக்கு 30,000 கொடுத்திருக்கிறார், அதையும் காட்டவில்லை. வீடோ 2025 நவம்பரில் 665,000-க்குத்தான் விற்றது. எங்கிருந்து தொடங்குவது? அபராதம் வருமா?

கணக்குப்பிள்ளை:
பெரிய பிழை உங்கள் பட்டியலிலேயே இல்லை. அப்பாவின் வீட்டு வரம்பை நீங்கள் கேட்கவில்லை. 2017 ஏப்ரல் 6-க்கு முன் இறந்தவருக்கு அந்த வரம்பே கிடையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படியில்லை: அவருடைய எஸ்டேட் 20 லட்சம் பவுண்டைத் தாண்டியிருக்காவிட்டால், முழு வரம்பும் துணைக்கு மாறும். அவர் பெயரில் வீடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மாவின் வீடு பிள்ளைகளுக்குப் போயிருப்பதால் இன்னொரு 175,000 கிடைக்கும். மொத்த வரம்பு 10 லட்சம் ஆகிவிடும்.

படிவம் ஐஎச்டி436. இறந்த மாதம் முடிந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும், உங்களுக்கு 2027 ஜனவரி 31. அதன் பிறகு நீட்டிப்பது எச்எம்ஆர்சியின் (பிரித்தானிய வரித்துறையின்) விருப்பம், அதை நம்பி இருக்காதீர்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உயில் இருந்தால் அதன் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள்.

திருத்தங்களைச் சொல்வது சி4 படிவத்தில். ஸ்காட்லாந்துக்கு வேறு படிவம். ஒவ்வொரு இனத்துக்கும் முன்பு காட்டிய மதிப்பு, சரியான மதிப்பு, வித்தியாசம் என்று எழுதி, நிறைவேற்றுநர் இருவரும் கையெழுத்திட வேண்டும். பிழை தெரிந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. கூடுகிறதையும் குறைகிறதையும் ஒரே சி4-இல் போடுங்கள். பாண்டை மட்டும் முதலில் அனுப்பினால், வரி கேட்டுக் கடிதம் வரும். பிறகு அதையே திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருக்கும்.

கட்டியதைத் திரும்பக் கேட்கக் கட்டிய நாளிலிருந்து 4 ஆண்டு உண்டு. ஆனால் அந்த 4 ஆண்டு ஐஎச்டி436-இன் கெடுவை நீட்டாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தென்னங்கீற்று:
பேத்திக்குக் கொடுத்த 30,000 பற்றி. ஆண்டு விலக்கு 3,000; முந்தைய ஆண்டின் 3,000 பயன்படுத்தாமல் கிடந்தால் அதுவும் சேரும். மிச்சம் 24,000 வரியில்லா வரம்பைத் தின்னும். மூன்று ஆண்டு தாண்டியதால் 20% குறையும் என்று யாராவது சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குறைப்பு அன்பளிப்பின் மேல் விழும் வரிக்குத்தான், அன்பளிப்புத் தொகைக்கு அல்ல. வரம்புக்குள் அடங்கிய அன்பளிப்பில் வரியே இல்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. திருத்திய ஐஎச்டி403-ஐ (அன்பளிப்புகளுக்கான படிவம்) சி4-உடன் வையுங்கள்.

அபராதம்: எச்எம்ஆர்சி கேட்கும் முன்பே நீங்களாகச் சொன்னால், கவனக்குறைவுக்கு விடுபட்ட வரியில் 0 முதல் 30% வரை. அவர்கள் கேட்ட பிறகு சொன்னால் 15%-இல் தொடங்கும். தெரிந்தே மறைத்தால் 100% வரை போகும். அன்பளிப்பு வாங்கியவர் மறைத்திருந்தால் அபராதம் அவர் மேலும் விழும். 2015-இல் ஒரு தீர்ப்பாய வழக்கில், வெளிநாட்டுக் கணக்கை மறைத்த மகனுக்கு 87,000 பவுண்டுக்கு மேல் விதித்தார்கள். நிறைவேற்றுநர்கள் குடும்பத்தாரிடம் எழுத்தில் கேட்டிருந்தது அவர்களைக் காப்பாற்றியது. நீங்களும் மூவரிடமும், பேரப்பிள்ளைகளிடமும் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஐஎச்டி30 சான்றிதழ் (வரி பாக்கி இல்லை என்பதற்கானது) வாங்கியிருந்தாலும், சொல்லாத சொத்துக்கு அது காப்பாகாது.

நாற்சந்தி:
வீட்டு விலை குறைந்ததற்குப் படிவம் ஐஎச்டி38. இறந்து 3 ஆண்டுக்குள் குறைந்த விலைக்கு விற்றால் விற்பனை விலையையே மதிப்பாக வைக்கலாம் (4-ஆம் ஆண்டுக்கும் ஒரு வழி உண்டு). நிபந்தனைகள்: நிறைவேற்றுநர்களாக நீங்கள் விற்றிருக்க வேண்டும், வாங்கியவர் குடும்பத்தாராக இருக்கக் கூடாது. முதலில் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டு அவர்கள் விற்றிருந்தால் சலுகை கிடைக்காது. ஏஜென்ட், சொலிசிட்டர் செலவையும் கழிக்க முடியாது.

கணக்கு இப்படி: 940,000 + 50,000 + 24,000 = 1,014,000. வரம்பு 10 லட்சம், 14,000-க்கு வரி 5,600. வீட்டில் 45,000 குறைத்தால் 969,000, வரி பூச்சியம். 46,000-உம் வட்டியோடு திரும்பும். அப்பாவின் வீட்டு வரம்பைக் கேட்காமல் பாண்டையும் அன்பளிப்பையும் மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் 29,600 கட்டியிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஐஎச்டி38 போட்டால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் அந்த 45,000 நட்டம் போய்விடும். வீடு விற்ற வரி ஆண்டிலோ பின்னரோ நிறைவேற்றுநர்களாகப் பங்குகளை விற்று 23,400-க்கு மேல் வரிக்குரிய லாபம் வந்திருந்தால், 24% வீதத்தில் அந்த நட்டமே 5,600-ஐ விடப் பெறுமதியானது. போடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடலி:
பங்குகளில் லாபம் பெரிதாக இல்லை. இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் அம்மா பெயரில் ஒரு காணி இருக்கிறது. இலங்கையில் இருப்பதால் காட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
அதுவும் சேரும். 2025 ஏப்ரல் 6-க்கு முந்தைய இறப்பு என்பதால் பழைய விதி: பிரித்தானியாவே நிரந்தர இருப்பிடமாக இருந்தாலோ, கடைசி 20 வரி ஆண்டில் 15 ஆண்டு இங்கே வசித்திருந்தாலோ, உலகில் எங்கிருக்கும் சொத்தும் கணக்கில் வரும். ஐஎச்டி417 (வெளிநாட்டுச் சொத்துக்கான படிவம்) நிரப்புங்கள். இறந்த நாளின் சந்தை மதிப்பை ரூபாயில் எடுத்து, அன்றைய மாற்று வீதத்தில் பவுண்டாக்க வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும் பழைய விலை உதவாது. வெளிநாட்டுச் சொத்து என்பதால் கூடுதலாக ஆன செலவைக் காணி மதிப்பின் 5% வரை கழிக்கலாம்.

நாற்சந்தியின் கணக்கில் உங்களுக்கு இன்னும் 31,000 இடம் இருக்கிறது. காணி அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு 40%, ஆகவே ஐஎச்டி38-ஐ விடாதீர்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைக்காக சி4-ஐ நிறுத்தி வைக்கவும் வேண்டாம். உத்தேச மதிப்பு என்று குறித்து அனுப்பிவிட்டு, அறிக்கை வந்ததும் சரியான எண்ணைக் கொடுங்கள்.