ஆர்எக்ஸ் 100: பிஸ்டனில் கோடு விழுந்துவிட்டது, தேய்த்துச் சரிசெய்யலாமா, போரிங்தான் வழியா?

ஓமலூர்க்காரன்:
வணக்கம். வண்டி அப்பாவுடைய 1993 யமஹா ஆர்எக்ஸ் 100, டூ-ஸ்ட்ரோக் பைக். ஆயில் பம்ப்பை அவர் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து ஓட்டுகிறேன். போன ஞாயிறு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் கியரிலேயே, ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வந்தேன். அடிவாரம் தாண்டி நேர் ரோட்டில் முறுக்கியதும் பின்சக்கரம் கிரீச்சென்று இழுத்தது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆனது. ஆனால் இழுவையே இல்லை.

வீட்டில் பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றினேன். பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் நாலைந்து நெடுக்குக் கோடுகள். கீழ் ரிங் ஒரு இடத்தில் காடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பகுதியில் ஓட்டையோ உருகலோ இல்லை. பிளாக்கினுள் புகை வெளியேறும் வாயை (எக்ஸாஸ்ட் போர்ட்) ஒட்டி வெள்ளியாக ஏதோ அப்பியிருக்கிறது. லேத்தில் போரிங் போட (உள்ளே குடைந்து பெரிதாக்க) சொல்கிறார்கள். ஏற்கெனவே 0.75 மி.மீ. பெரிதாக்கிய பிளாக் இது, மிச்சம் 1.00 மி.மீ. ஒன்றுதான். அப்பா ஓட்டிய பிளாக், அதை இப்போதே செலவழிக்க மனம் வரவில்லை.

பழைய பட்டறை:
தம்பி, லேத்துக்கு அவசரப்படாதீர்கள். அந்த வெள்ளிப் பூச்சு உங்கள் பிஸ்டனின் அலுமினியம்தான். பிளாக்கின் உட்சுவரான லைனர் வார்ப்பிரும்பு, பெரும்பாலும் அதற்கு அடிபட்டிருக்காது. கழிவறை கழுவும் ஆசிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, அந்தப் பூச்சின் மேல் மட்டும் வையுங்கள். நுரைக்கும். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். நுரை நின்றால் அலுமினியம் போய்விட்டது என்று அர்த்தம். கையுறை போட்டு, வெளிக்காற்றில் செய்யுங்கள். பிளாக்கின் வெளிப்பக்கமும் அலுமினியம், அதில் சொட்டக்கூடாது. உடனே தண்ணீரில் கழுவி ஆயில் தடவாவிட்டால் துருப்பிடிக்கும்.

பிஸ்டனுக்கு 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 600, மண்ணெண்ணெயில் நனைத்து. புடைத்திருக்கும் இடத்தை மட்டும் தட்டுங்கள். சுற்றிலும் தேய்த்துவிடாதீர்கள். பிஸ்டன் பார்க்க உருண்டையாக இருந்தாலும் உண்மையில் லேசான முட்டை வடிவம், மேலே ஒடுக்கம். அந்த வடிவம் போனால் பிஸ்டனும் போச்சு. ரிங் காடியை உடைந்த பழைய ரிங் துண்டால் சுரண்டுங்கள், ரிங் தடையில்லாமல் சுற்றி வரவேண்டும்.

இன்னொன்று. உங்கள் பிஸ்டன் இறுகிப் பிடித்ததற்குக் காரணம் அந்த இறக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் மிகக் குறைவு, ஆயிலும் மிகக் குறைவு. இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் கொல்லிமலை இறங்கி வரும் வண்டிகளில் இதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு ரைடர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் கோடு நகத்தில் ஆழமாக மாட்டினால் தேய்த்துப் பயனில்லை, அதே அளவில் புது பிஸ்டன் போடுங்கள். விரிசலையும் பார்த்துவிடுங்கள்: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு தெரியும். கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே காற்று இழுத்தாலும் இதே கதிதான்.

ஓமலூர்க்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஆசிட் வைத்ததும் பூச்சு முழுக்கப் போய்விட்டது, அடியில் லைனர் சுத்தமாக இருக்கிறது. சாக்பீஸில் கோடு எதுவும் வரவில்லை. கார்புரேட்டர் ரப்பரில் நூல் போல ஒரு வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். 0.75 ரிங் செட் வாங்கி, ரிங்கை பிளாக்கில் நேராக இறக்கி, ரிங் வாயில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தேன். இடைவெளி 0.25 மி.மீ. போதுமா?

பழைய பட்டறை:
தாராளமாகப் போதும். லேசாக ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் உரசுவது) மட்டும் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வரக்கூடாது. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங் வாய் காடியிலுள்ள ஆணியில் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் புதிது போடுங்கள், மாட்டும்போது கிராங்க் வாயைத் துணியால் அடையுங்கள். முதல் இரண்டு டேங்க் லிட்டருக்கு 40 மில்லி ஆயில். முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.

ஓமலூர்க்காரன்:
நேற்று மாலை மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. ஓமலூர் வரை மெதுவாகப் போய்வந்தேன். அப்பா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஐடில் கொஞ்சம் அதிகம்டா, குறை" என்றார்.