முன்பக்க ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தும் சென்டர் ஸ்பீக்கர்: உதவி தேவை

ஒலிநாடி (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். என் இடது, வலது ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும் சென்டர் ஸ்பீக்கர் (திரையின் நடுவே நின்று பெரும்பாலும் வசனத்தை ஒலிப்பது) ஒன்றை விரைவில் வாங்க வேண்டும். இப்போது இருப்பது வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. திரையில் ஒரு கார் இடமிருந்து வலமாகச் செல்லும்போது, நடுவை அடைந்ததும் அதன் ஒலி வேறொரு காரின் ஒலியாக மாறிவிடுகிறது. வசனமும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எல்லாமே 8 ஓம் என்பதால் பொருத்தத்தில் சிக்கல் இருக்காது என்றே நினைத்தேன். எதை வாங்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

டெசிபல்தாசன்:
நண்பரே, முன்பக்க ஸ்பீக்கர் எந்த வரிசையைச் சேர்ந்தது, அதன் ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சிறு யூனிட்) பட்டுத்துணிக் குவிமாடமா உலோகமா, சென்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் எவ்வளவு தூரத்தில் அமர்ந்து பார்க்கிறீர்கள் என்பவற்றில் ஒன்றையுமே நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் மாடல் பெயர் சொல்வது குருட்டாம்போக்காகிவிடும்.

மூன்றாம்பெட்டி:
இதற்கு ஒரே விடைதான் உண்டு. இடதும் வலதும் எதுவோ, அதே பெட்டியில் மூன்றாவது ஒன்றை வாங்கி நடுவில் நிமிர்த்தி வையுங்கள். அலமாரிக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே சென்டர் ஸ்பீக்கரைப் படுக்கைவாட்டில் செய்கிறார்கள்; ஒலிக்காகச் செய்யப்பட்ட வடிவம் அல்ல அது.

சீராக்கி:
புதிதாக எதையும் வாங்கும் முன் ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) உள்ள, மைக் வைத்து அளக்கும் தானியங்கி ஒலிச்சீரமைப்பை ஒருமுறை முறையாக ஓட்டிப் பாருங்கள். அளவையும் தூரத்தையும் அதிர்வெண் ஏற்றத்தாழ்வையும் அதுவே சரிசெய்துவிடும் என்பதால், எந்த நிறுவனத்தின் சென்டராக இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது.

பழங்காது:
இப்பிரிவில் ஏற்கெனவே பலமுறை விளக்கப்பட்ட ஒன்றைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்காக மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. ஓம் என்பது ஆம்ப்ளிஃபையர் சுமக்க வேண்டிய சுமையைச் சொல்லுமே தவிர, குரலின் சாயலைச் சொல்லாது. சென்சிடிவிட்டியும் (ஒரே மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) அப்படியே: ஒன்று 86 டெசிபல், மற்றது 89 டெசிபல் என்றால், அந்த 3 டெசிபலை ரிசீவரின் அளவுத் திருத்தத்திலேயே ஈடுகட்டலாம், குறைந்த சென்சிடிவிட்டி உள்ளதற்கு இருமடங்கு வாட் செலவாகும், அவ்வளவுதான். சாயல் பொருந்த வேண்டுமானால் ட்வீட்டரின் வகையும், கிராஸ்ஓவரின் (ஒலியை அதிர்வெண்வாரியாக யூனிட்டுகளுக்குப் பிரிக்கும் சுற்று) வடிவமைப்பும், பக்கவாட்டில் ஒலி பரவும் விதமும் ஒத்திருக்க வேண்டும். அடிப்படைகளைப் படித்துவிட்டு வந்து கேட்பது எல்லோருக்கும் நல்லது.

டெசிபல்தாசன்:
விளக்கம் சரியானது, ஐயா. கடைசி வரி தேவையற்றது.

ஒலிநாடி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். முன்பக்கம் இருப்பவை 6.5 அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் யூனிட்) பட்டுக் குவிமாட ட்வீட்டரும் கொண்ட இருவழி ஸ்பீக்கர்கள். அந்த மாடலின் தயாரிப்பு நின்றுவிட்டது. சென்டரில் இரண்டு வூஃபர்களும் நடுவில் ஓர் உலோக ட்வீட்டரும் உள்ளன. தொலைக்காட்சிக்குக் கீழே அலமாரியின் உட்பகுதியில் வைத்திருக்கிறேன். சோஃபாவில் மூவர் அமர்கிறோம், தூரம் 2.5 மீட்டர். ஓரத்தில் அமரும்போதுதான் வசனம் அதிகம் மங்குகிறது.

டெசிபல்தாசன்:
கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஓர இருக்கை நடுவிலிருந்து 70 செ.மீ. விலகியிருப்பதாகக் கொண்டால், கோணம் ஏறக்குறைய 16 பாகை. இரு வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால், அந்த இருக்கைக்கு ஒரு வூஃபரின் ஒலி மற்றதைவிட 8 செ.மீ. அதிகம் பயணித்து வரும். அந்த 8 செ.மீ. பாதி அலைநீளமாக அமையும் 2,100 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சில் மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் பகுதியே அது. உங்கள் சென்டரின் கிராஸ்ஓவர் 2,500 ஹெர்ட்ஸில் இருந்தால், வூஃபர்கள் இரண்டுமே அந்த இடத்தில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

மூவழி சென்டரில் (தாழ், நடு, உச்ச ஒலிகளுக்குத் தனித்தனி யூனிட் உள்ளது) இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். அதில் ட்வீட்டர் நடுவொலி யூனிட்டின் மேல் செங்குத்தாக அமைந்திருக்கும். பக்கத்து வூஃபர்கள், எடுத்துக்காட்டாக, 400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அந்த இடத்தில் அலைநீளம் 86 செ.மீ.; 30 செ.மீ. இடைவெளி அதில் பாதியைக்கூட எட்டாது. இயன்றவரை பட்டுக் குவிமாட ட்வீட்டர் உள்ளதாகவே பாருங்கள்.

சீராக்கி:
2,100 ஹெர்ட்ஸில் பள்ளம் என்றால், ஈக்வலைசரில் அதை உயர்த்திவிட்டால் தீர்ந்ததே?

பழங்காது:
தீராது. ஓர இருக்கைக்காக நீங்கள் உயர்த்தும் அதே பகுதி, பள்ளமே இல்லாத நடு இருக்கையில் காதைக் குத்தும். மேலும், இரு ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எவ்வளவு ஊட்டினாலும் இரண்டும் சேர்ந்தே உயர்ந்து, சேர்ந்தே அழியும்.

சீராக்கி:
என் கூடத்தில் வேறு வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களைத்தான் சீரமைத்துக் கேட்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. சீரமைப்பில் மைக்கை ஒரே இடத்தில் வைத்து முடித்துவிடுபவர்களே அதைக் குறை கூறுகிறார்கள்.

பழங்காது:
மைக்கைப் பல இடங்களில் வைத்தால் சராசரி கிடைக்கும். சராசரியில் யாரும் அமர்வதில்லை.

மூன்றாம்பெட்டி:
சண்டை இருக்கட்டும். ஒலிநாடி, ரிசீவரில் சென்டர் இல்லை என்று அமைத்து ஒரு படம் பாருங்கள். வசனம் இடது, வலது இரண்டுக்கும் சமமாகப் பிரிந்து செல்லும். நடுவில் அமர்பவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

டெசிபல்தாசன்:
சோதனைக்கு நல்லது, நிலையான தீர்வாகாது. ஓரத்தில் அமர்பவருக்குக் குரல் அருகிலுள்ள ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பவருக்கும் ஒவ்வொரு காதிலும் எதிர்ப்பக்கத்து ஒலி கால் மில்லிநொடி பிந்திச் சேர்வதால், 2,000 ஹெர்ட்ஸ் அருகே சிறிது குறைந்தே கேட்கும். இப்போதைக்கு, இருக்கும் சென்டரின் முகப்பை அலமாரியின் விளிம்புவரை முன்னே இழுத்து, ட்வீட்டர் காதை நோக்கும்படி மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். குழாய்க்குள் பேசும் ஒலியில் பெரும்பங்கு அந்த அலமாரியின் வேலையாகவும் இருக்கக்கூடும்.

ஒலிநாடி:
முன்னே இழுத்துச் சாய்த்தேன், குழாய் ஒலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஓர இருக்கை அப்படியே இருக்கிறது. மூவழியே வாங்குகிறேன். அலமாரியின் உள்ளுயரம் 18 செ.மீ., அடங்குமா?

டெசிபல்தாசன்:
இரண்டு யூனிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் மூவழிப் பெட்டிகளில் பல 18 செ.மீ.க்கு மேல் வரும். வாங்கும் முன் உயரத்தை உறுதி செய்யுங்கள், சாய்த்து வைக்கவும் இடம் வேண்டும். அடங்காவிட்டால், ட்வீட்டர் நடுவொலிக் கூம்பின் மையத்திலேயே அமைந்த கோஆக்ஸியல் வகையைத் தேடுங்கள். அதில் உயரம் மிச்சமாகும். பெட்டியின் காற்றுத்துளை பின்பக்கம் இருந்தால் அலமாரியின் பின்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

சீராக்கி:
எதை வாங்கினாலும் சீரமைப்பை மறுபடி ஓட்டுங்கள். சப்வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டி) இருந்தால், சென்டரிலிருந்து அதற்கு ஒலி மாறும் ரிசீவர் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள்.

மூன்றாம்பெட்டி:
பழைய மாடல் என்றால் பயன்படுத்திய ஒற்றைப் பெட்டி எங்காவது கிடைக்கும். தேடிப் பார்த்தீர்களா?