ஒரே வீட்டுப் பிள்ளைகள் (வாட்ஸ்அப் குழு)

நிலா: அவசரம். நாளை காலை 10 மணிக்குள் கட்டுரை கொடுக்க வேண்டும். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் சாகும்போது நாயகன் வால்டர் பார்த்துக்கொண்டே நிற்பானே, அவன் கொலைகாரனா இல்லையா? திரைக்கதையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நடிப்புக் குறிப்பை ஆதாரமாகக் காட்டலாமா? முரளி மாமா, இருக்கிறீர்களா?

கார்த்தி: போச்சு. மாமாவைக் கூப்பிட்டுவிட்டாள்

ராஜி அத்தை: யார் செத்தது?? யாருக்கு என்ன ஆச்சு

கார்த்தி: டிவி தொடர், அத்தை

ராஜி அத்தை: அதை முதலில் போடக் கூடாதா. பதறிவிட்டேன்

முரளி மாமா: நிலா, உன் கையில் இருப்பது எது என்று முதலில் பார். திரைக்கதை என்ற பெயரில் கிடைப்பதில் பல, ஒளிபரப்பானதைப் பார்த்து ரசிகர்கள் எழுதிக்கொண்டவை. அதில் ‘அழுகிறான்’ என்று இருந்தால் அது எழுத்தாளர் சொன்னது இல்லை, பார்த்தவர் கண்ணில் பட்டது. நிஜமான படப்பிடிப்புப் பிரதி என்றால் தேதி இருக்கும். அமெரிக்கத் தொடர்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாள் நிறம் மாறும். வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று போகும்.

நிலா: பிடிஎஃப் மாமா. எல்லாமே வெள்ளைதான்

கார்த்தி: 😂

முரளி மாமா: நிறத்தின் பெயரைப் பக்கத்தின் மேலே எழுதியிருப்பார்கள், அம்மா.

நிலா: ஒன்றும் இல்லை. எழுதியவர் பெயர்கூட இல்லை

முரளி மாமா: அப்படியானால் அதைத் தொடாதே.

சுமதி சித்தி: சனிக்கிழமை பாட்டியை டாக்டரிடம் யார் கூட்டிப்போகிறீர்கள்? மறுபடியும் கேட்கிறேன்

கார்த்தி: சனி எனக்கு வேலை

முரளி மாமா: இந்தக் காட்சியையே எடுத்துக்கொள். 2009, இரண்டாம் சீசன், 12-ஆம் பகுதி. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் முதலில் யோசித்தது வேறு. வால்டரே ஜேனுக்கு இன்னும் போதை ஊசி ஏற்றிவிடுவதாக. அது ரொம்ப அதிகம் என்று கூட இருந்தவர்கள் தயங்கியதால் தணித்தார்கள். ஒளிபரப்பானதில், ஜெஸ்ஸியை எழுப்புவதற்காக உலுக்குகிறான், அதில் ஜேன் மல்லாந்துவிடுகிறாள். பிறகு வாந்தி மூச்சை அடைக்கிறது. ஓடிப்போய் அவள் பக்கம் குனிந்தவன் நின்றுவிடுகிறான். முதல் யோசனையின்படி கொலைகாரன். திரையின்படி காப்பாற்றாதவன். நீ எந்த வால்டரைப் பற்றி எழுதப்போகிறாய்?

நிலா: திரையில் இருக்கிறவன்

தாமு பெரியப்பா: காப்பாற்றாமல் நிற்பதும் கொலைதான்.

சுமதி சித்தி: சிலருக்குச் சும்மா நிற்பது கைவந்த கலை. பத்திரம் எழுதிய அன்றைக்கும் பார்த்தோமே

தாமு பெரியப்பா: யாரைச் சொல்கிறாய் சுமதி

சுமதி சித்தி: (பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறாள்)

கார்த்தி: சித்தி 👏👏

தாமு பெரியப்பா: அன்றைக்கு நான் சம்மதித்துத் தலையாட்டவில்லை. எனக்குக் கழுத்து வலி.

கார்த்தி: (கழுத்தைப் பிடித்தபடி)

ராஜி அத்தை: அந்தப் பேச்சு வேண்டாம். அம்மாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள்

நிலா: மாமா, அவன் கண் கலங்குகிறதே. அதைக் குற்ற உணர்வு என்று எழுதலாமா?

முரளி மாமா: எழுது. ஆனால் குறிப்பைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அந்த முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜேனாக நடித்த பெண்ணின் முகம் ஒரு கணம் தன் சொந்த மகளின் முகமாகத் தெரிந்தது என்று வால்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டன் சொல்லியிருக்கிறார். அதை எந்த எழுத்தாளர் அடைப்புக்குறிக்குள் போட முடியும்? நான் சீரியலில் உதவி இயக்குநராக இருந்தபோது ஒரு மூத்த நடிகை, வசனத் தாளை வாங்கியதும் ‘கோபமாக’, ‘அழுதபடி’ எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பார். பிறகு கோபமான வசனத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார். செட்டே கப்சிப்.

கார்த்தி: செட் கதை வந்தாச்சு

கார்த்தி: ஆனால் மாமா, ‘ஃப்ளீபேக்’ என்ற பிரிட்டிஷ் தொடர்? எழுதியவரே நாயகியாக நடித்தார். அங்கே குறிப்பும் நடிப்பும் ஒரே ஆள் தானே. அதுவும் 12 பகுதியிலும் அந்த நாயகியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 2019-இல் வந்த ஸ்கிரிப்ட் புத்தகத்தில் வசனத்துக்கு மேலே ‘ஃப்ளீபேக்’ என்றுதான் இருக்கும். அதை மட்டும் எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோமே

முரளி மாமா: அட, இது நல்ல கேள்வி. ஆனாலும் முதல் பகுதி தவிர மற்றதை இயக்கியவர் ஹாரி பிராட்பீர். எந்த டேக்கை வைத்தார்கள் என்பது தாளில் இருக்காது.

கார்த்தி: மழுப்பல்

நிலா: அப்போது குறிப்பைப் பயன்படுத்தலாமா கூடாதா?? ஒரே வரியில் சொல்லுங்கள்

முரளி மாமா: ஒரே வரியில் முடியாது. ‘எழுதியவர் இதை எதிர்பார்த்தார்’ என்று சொல்லக் குறிப்பை வைத்துக்கொள். ‘வால்டர் இப்படிப்பட்டவன்’ என்று சொல்லத் திரையைக் காட்டு. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் கிடைத்தால் அதில் இரண்டு பக்கம் எழுது. போன் பண்ணு, விவரமாகச் சொல்கிறேன்.

நிலா: வேண்டாம் மாமா 🙏 இதுவே போதும்

பாட்டி: சனி வேண்டாம் திங்கள் போகலாம் யார் வருவது

தாமு பெரியப்பா: 👍

சுமதி சித்தி: இந்தக் கட்டைவிரல் என்ன, வருகிறேன் என்றா, படித்தேன் என்றா?

ராஜி அத்தை: அண்ணா?

கார்த்தி: ஆஃப்லைன் போய்விட்டார்