நிறுத்தக்குறி இல்லாமல் எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

வைகைக்கரை:
எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த செய்தி: "லாரி வராது நாளைக்கு தண்ணி பிடிச்சு வைங்க". பாதிப்பேர் "லாரி வராது நாளைக்கு" என்று படித்து, அன்றைக்கே குடம் பக்கெட் எல்லாம் நிரப்பினார்கள். மீதிப்பேர் "நாளைக்கு தண்ணி பிடிச்சு வைங்க" என்று படித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். மறுநாள் அவர்கள் வீட்டில் சமைக்கத் தண்ணீர் இல்லை. கேட்டால், "அவசரத்துல அடிச்சது, புரிஞ்சா போதாதா" என்று பதில். புரியவில்லை என்பதுதானே புகார்! சொல்லுக்குச் சொல் இடம், வாக்கியம் முடிந்தால் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி. சாதாரண அரட்டைக்கும் இவ்வளவு வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
மறுக்கிறேன். நிறுத்தக்குறி தமிழுக்கு அச்சோடு வந்தது. ஓலையில் காற்புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது, சொல்லுக்கு நடுவே இடமும் கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் விட்டார்கள். உரைநடையில் இந்தக் குறிகளை முறையாகப் புழங்கவைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர். அதற்கு முன் குறள் யாருக்கும் புரியாமலா இருந்தது? தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும். "வந்தான்" என்றதும் அங்கே முடிந்தது என்று தெரிந்துவிடும். கேள்விக்கு 'ஆ' இருக்கிறது: "வந்தானா". அதற்கு மேல் ஒரு குறி எதற்கு?

வைகைக்கரை:
ஐயா, "வராது நாளைக்கு" என்பதில் வினைமுற்றுக்குப் பிறகும் சொல் வந்துவிட்டதே. பேசுகிற தமிழ் அப்படித்தான்: "சாப்பிட்டேன் இப்பதான்", "போயிட்டான் அவன்". நீங்கள் சொல்வது எழுத்துத் தமிழுக்குச் சரி. அரட்டையில் நாம் எழுதுவது பேச்சு. பேசும்போது குரல் நிற்கிற இடத்தை எழுத்தில் புள்ளியோ காற்புள்ளியோதான் காட்டும். ஆகவே கட்டுரையைவிட அரட்டைக்குத்தான் குறி அதிகம் தேவை என்பேன்.

ஓலையில் இருந்ததில் பெரும்பகுதி செய்யுள். எங்கே நிற்பது என்று சீரும் அடியும் சொல்லின. அப்படியும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்குள் பட்ட பாட்டில் இதுவும் உண்டு: எது துணைக்கால் (ா), எது ரகரம், சொல் எங்கே முடிகிறது!

மழைத்துளி:
அண்ணா நான் உங்க பக்கம் இல்ல... புள்ளி வச்சா எங்களுக்கு அர்த்தமே மாறுது... "சரி"ன்னு வந்தா சரி... "சரி."ன்னு வந்தா கோவம்... 2015ல அமெரிக்காவுல பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்துல இத ஆராய்ச்சியே பண்ணாங்க... மெசேஜ்ல ஒத்த வார்த்தை பதிலுக்குப் பின்னாடி புள்ளி இருந்தா மனசார சொன்ன மாதிரி இல்லன்னு படிச்சவங்களுக்கு தோணிருக்கு... அதே பதில் கையால எழுதின சீட்டுல இருந்தப்ப அப்படி தோணல... எங்களுக்கு என்டர்தான் புள்ளி... ஒரு பேச்சுக்கு ஒரு மெசேஜ்...

தட்டச்சன்:
பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஓர் எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துக்குறி கொள்ளும், தமிழ் என்றால் 70 தான். ட்விட்டரில் 2017 வரை 140. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து. அந்தக் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, மேலே உள்ள புள்ளி. இப்படிக் கணக்குப் பார்த்து எழுதியவர்கள் முதலில் வெட்டியது இடைவெளியைத்தான். அந்த நெருக்கடி போய்விட்டது, கைப்பழக்கம் போகவில்லை.

இன்னொன்று, "எங்க போற ?" என்று கேள்விக்குறிக்கு முன்னால் இடம் விடுவது. ஆங்கில எழுத்தில் அடித்து ஸ்பேஸ் தட்டினால் தமிழாக மாறும் முறையில் பழகிய கை அது. வரி அங்கே உடைந்தால் கேள்விக்குறி மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். பிரெஞ்சுக்காரர்களும் அங்கே இடம் விடுகிறார்கள், ஆனால் அது வரி உடையாத தனி இடைவெளி. நேரமில்லை என்பதையும் ஏற்க மாட்டேன். பல போன்களில் ஸ்பேஸை இரண்டு தடவை தட்டினால் புள்ளியும் இடைவெளியும் சேர்ந்தே விழும்.

ஒலிவழி:
எனக்குப் பார்வை கிடையாது. உங்கள் எழுத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கக் கேட்கிறேன். "நாளைகாலைவரேன்" என்று ஒட்டி எழுதினால் அது ஒரே சொல்லாக உருண்டு போகும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். புள்ளியை ஒட்டியே அடுத்த சொல் வந்தால் வாக்கியம் முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளாது, மூச்சு விடாமல் ஓடும். மழைத்துளி, தனித்தனி மெசேஜாக அனுப்புவதில் எனக்குக் கஷ்டமே இல்லை, அது நல்ல பழக்கம். ஆனால் குறிகளையும் வாசிக்கச் சொல்லி அமைத்திருக்கும்போது, நீங்கள் வைக்கும் மூன்று புள்ளிகளையும் ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும்.

மழைத்துளி:
அண்ணா இது எனக்கு யாரும் சொன்னதில்ல. உங்ககிட்ட பேசும்போது இப்படி எழுதுறேன். ஆனா என் ஃபிரெண்டுக்கு "சரி."ன்னு அனுப்ப முடியாது, அவ அழுதுருவா.

ஏட்டுச்சுவடி:
ஒலிவழிக்காக இடம் விடலாம், தடையில்லை. எந்த இடம் என்பதுதான் என் கேள்வி. "அவன்தான்" என்பதா, "அவன் தான்" என்பதா? "வந்துவிட்டான்" என்றால் வந்தாயிற்று. "வந்து விட்டான்" என்றால் துணைக்கு வந்து கொண்டுபோய் விட்டான் என்றும் ஆகும். பாடநூலும் நாளிதழும்கூட இதில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. இதையெல்லாம் விதியாக்கினால், முதல் முறை தமிழில் எழுத வருகிறவர் நாலு பேர் திருத்துவார்களே என்று ஆங்கில எழுத்துக்கே திரும்பிவிடுவார். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வைகைக்கரை:
'தான்' ஒட்டுமா ஒட்டாதா என்று யாரையும் நான் திருத்தப் போவதில்லை, ஐயா. தண்ணீர், மருந்து வேளை, ரயில் நேரம், பணம் இவற்றைப் பற்றி எழுதும்போது புள்ளி வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேள்விக்குறி வேண்டாம் என்றீர்களே, அதற்கும் ஒன்று. பேச்சில் 'ஆ' போடாமல் குரலை மட்டும் ஏற்றியும் கேட்கிறோம். "பணம் அனுப்பிட்டீங்க" என்று ஒருவர் எழுதுகிறார். கேட்கிறாரா, வந்துவிட்டது என்று உறுதி சொல்கிறாரா? குறி இல்லாமல் இதை எப்படிப் படிப்பீர்கள்?